ஜெனியோடு மட்டும் பேசும் தமிழ்

1

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் என் மகள் யாழினி என் கைபேசியை வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்விடுவாள். கதவைச் சாத்துவாள். சாத்தினால் மட்டும் போதாது என்று அடியில் இருக்கும் இடைவெளியில் ஒரு தலையணையைச் செருகி வைப்பாள். அவளுக்கு இப்போதுதான் ஆறு வயது முடிந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தமிழ் கேட்கும்.

"இன்னாமே, துன்ட்டியா?"

"துன்னாச்சு. நீ இன்னா துன்ன?"

"பிரெட்டுதான். டெய்லி இதே பேஜாரு."

இதைச் சொல்வது என் மகள். நார்வே நாட்டில், பெர்கன் என்கிற ஊரில், வெளியே மழை ஊற்றிக்கொண்டிருக்க, நான் துவைத்த துணிகளை மடிப்பதுபோல் நடையில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரே காலுறையை நாலைந்து தரம் மடித்திருப்பேன். என் மனைவி கவிதா அந்தப் பக்கம் போகும்போது, "மறுபடியும் ஒட்டுக்கேக்குறீங்களா?" என்பாள். அவளுக்குச் சிரிப்பு அடங்காது.

அரைமணி நேரம் கழித்துக் கதவு திறக்கும். யாழினி கைபேசியை என்னிடம் நீட்டி, "நன்றி பப்பா, சார்ஜ் போடணும்" என்று நார்வேஜிய மொழியில் சொல்லிவிட்டுப் போவாள்.

ஊரில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள், "அங்கே போய் இத்தனை வருஷமாச்சே, எப்படி இருக்கு வாழ்க்கை?" என்று. குளிரைப் பற்றியோ வரியைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நெமிலிச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கும், முன்பல் இரண்டும் விழுந்துபோன, ஜெனிஃபர் என்கிற யு.கே.ஜி. படிக்கும் பெண் மீது பொறாமை. எனக்கு வயது நாற்பத்தொன்று.

2

யாழினி என்று பெயர் வைத்ததே நான்தான். ழகரம் உள்ள பெயர்தான் வேண்டும் என்று கவிதாவோடு சண்டை போட்டு வாங்கிய பெயர் அது. இங்கே மருத்துவமனையில் பதிவு செய்தபோதே அது யாலினி ஆகிவிட்டது. வீட்டில் நாம் சரியாகக் கூப்பிட்டால் போதும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டு வயதுவரை தமிழ் பேசினாள். "அப்பா தூக்கு" என்று சொன்ன குழந்தைதான். பிறகு மழலையர் காப்பகத்துக்குப் போனாள். ஆறு மாதத்தில் தூக்கு போய்விட்டது. அடுத்து அப்பா போய் பப்பா வந்தது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் அவர்கள் மொழியில் பதில் சொல்வாள். புரியாமல் இல்லை. "சாக்லேட் வேணுமா?" என்று எவ்வளவு மெதுவாக, எந்த அறையிலிருந்து கேட்டாலும் புரியும்.

நான் சும்மா இருக்கவில்லை. அட்டைகளில் பெரிய எழுத்தில் எழுதி வீடு முழுக்க ஒட்டினேன். கதவில் 'கதவு'. நாற்காலியில் 'நாற்காலி'. ஒருநாள் காலை அலுவலகம் போகப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவர் என் தோளைத் தட்டினார். இலங்கைத் தமிழர்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட முதுகில குப்பைத்தொட்டி எண்டு எழுதியிருக்கு."

யாழினி ஒட்டிவிட்டிருந்தாள். அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. எனக்கு அதுதான் அதிக வருத்தம். படித்துவிட்டு ஒட்டியிருந்தால் அன்றைக்கு அலுவலகம் முழுக்கப் பெருமையோடு அதைச் சுமந்துகொண்டு திரிந்திருப்பேன்.

அந்தப் பேருந்து மனிதர் சொல்லித்தான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தோம். இங்கே வந்து முப்பது வருடம் ஆன இலங்கைத் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் பள்ளி. பாட்டு, நாடகம், வடை எல்லாம் உண்டு. யாழினி போய் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாள். வடை நேரத்துக்கு வெளியே வருவாள்.

பள்ளியில் சேர்வதற்கு முன்னால் இங்கே எல்லாப் பிள்ளைகளையும் சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் பார்ப்பார். உயரம், எடை, கண் எல்லாம் முடிந்து, வீட்டில் என்ன மொழி என்று கேட்டார்.

"தமிழ்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அருமை! யாலினி, உன் மொழியில் எனக்கு ஏதாவது சொல்லேன்."

யாழினி என்னைக் கையால் காட்டினாள். "அது என் மொழி இல்லை. பப்பாவோட மொழி."

செவிலியர் அன்பாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது டிராமில் அவள் என் மடியில் உட்கார்ந்து தன் காலணியின் ஒளிரும் விளக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கவிதாவிடம் சொன்னேன்: "ஆகஸ்டுல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுட்டா நினைச்சப்பக் கிளம்ப முடியாது. மே மாசமே நான் அவளைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீ லீவு கிடைக்கிறப்ப வா. நானும் அவளும் மட்டும். என் கூடவே இருந்தா தமிழ் தானா வந்துரும்."

'என் கூடவே' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன் என்று கவிதா இப்போதும் நினைவுபடுத்துகிறாள்.

3

அண்ணன் ஆவடியில் வேலை பார்த்து, நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறார். பையன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். ஆகவே அண்ணிக்குக் கையில் ஒரு குழந்தை கிடைத்ததும் தலைகால் புரியவில்லை.

முதல் நாள் மத்தியானம் நான் குளித்துக்கொண்டிருந்தேன். அண்ணி பருப்பு சாதம் பிசைந்து ஊட்டியிருக்கிறார். மேலே ஒரு கரண்டி நெய் விட்டதும் அந்த வாசனை பிடிக்காமல் யாழினி, "நெய்!" என்று கத்தியிருக்கிறாள். நார்வேஜிய மொழியில் நெய் என்றால் வேண்டாம், இல்லை என்று அர்த்தம்.

"அடடா, கொழந்தைக்கு நெய் புடிக்குது பாருங்க!" இன்னொரு கரண்டி.

"நெய்! நெய்!"

"ஊத்துறேன்டி தங்கம், ஊத்துறேன்."

நான் துண்டோடு ஓடி வந்தபோது சாதம் நெய்யில் மிதந்துகொண்டிருந்தது. யாழினி அழுதுகொண்டே இன்னும் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு, "பரவால்லடா, ஒரு வார்த்தை சுத்தமா வருது" என்றார்.

அந்த அழுகைச் சத்தம் கேட்டுத்தான் ஜெனி மேலே வந்தாள். திறந்திருந்த கதவில் சாய்ந்து நின்றாள். கையில் கடித்த மாங்காய்க் கீற்று, உதட்டைச் சுற்றி மிளகாய்த்தூள். தரைத்தளத்தில் குடியிருக்கும் ஸ்டெல்லாவின் மகள் என்று அண்ணி சொன்னார். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அச்சகத்தில் வேலை. மூன்று தலைமுறையாகப் பட்டாபிராம்காரர்கள்.

"இன்னாத்துக்கு அய்வுறா?" என்று என்னைக் கேட்டாள்.

யாழினி என் காலைக் கட்டிக்கொண்டு, "பப்பா, பப்பா" என்றாள்.

ஜெனி மாங்காயை வாயிலிருந்து எடுத்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தாடி, தொப்பை, இடுப்பில் துண்டு.

"இவரா பாப்பா?"

சிரித்தாள் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு தரையில் உட்கார்ந்து. "எம்மாம் பெரிய பாப்பா!" யாழினிக்கு விஷயம் புரிந்ததோ என்னவோ, சிரிக்கிறவளைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை நின்றது. ஜெனி எழுந்து மாங்காயில் மீதியை அவளிடம் நீட்டினாள். "வா, கீய போலாம். நாயி குட்டி போட்டுக்கீது."

போய்விட்டாள். அறிமுகம் இல்லாதவர்கள் யாராவது பேசினாலே என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவள், படியில் தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள்.

நான் சந்தோஷப்பட்டேன். மறைக்கவில்லை. அந்த முதல் நாள் எனக்கு ஜெனியைப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஓர் அதட்டல் கேட்டது.

"டேய், குந்துடா! குந்துன்றேன்ல! கய்தே!"

ஏதோ ஒரு குழந்தை நாய்க்குட்டியை மிரட்டுகிறது என்று எட்டிப் பார்த்தேன். இடுப்பில் கைவைத்து நின்றது என் மகள்.

எத்தனை வருடமாக 'உட்கார்' என்று அட்டை ஒட்டியிருந்தேன்! ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். "யாழினி, இப்ப என்னம்மா சொன்ன? அப்பாகிட்ட ஒரு தடவை சொல்லு."

அவள் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். "ஒன்றும் இல்லை, பப்பா" என்றாள் நார்வேஜிய மொழியில்.

ஜெனி எனக்கு விளக்கினாள். "நாயி குந்த மாட்டேங்குது அங்கிள். அதான் யாயினி திட்டிகினு கீறா."

யாயினி. அதையும் கவனித்தேன்.

நானும் ஆவடியில் வளர்ந்தவன்தான். எங்கள் தெருவே இன்னா, கீது என்றுதான் பேசியது. அப்பாவும் அம்மாவும் கும்பகோணம் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர்கள். தெருவில் கற்ற பேச்சை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அம்மாவுக்கு ஆகாது. ஒருமுறை "இஸ்துகினு வா" என்று சொன்னதற்கு வாயைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அதனால் அந்தப் பேச்சு என் காதில் இருக்கிறதே தவிர வாயில் இல்லை. கூடப் படித்த பையன்கள் விளையாடும்போது என்னை 'வாத்தியாரு' என்று கூப்பிடுவார்கள். நான் சரியாகப் பேசுகிறேன் என்பதில் எனக்கு ரகசியமாக ஒரு கர்வம் உண்டு. அதைத்தான் என் மகளுக்குக் கொடுக்க நினைத்தேன்.

4

அடுத்தடுத்த நாள்களில் காலை நாஸ்தா முடிந்ததும் யாழினி கீழே போவாள், இருட்டினால்தான் மேலே வருவாள். தண்ணீர் லாரி வந்தால் இரண்டு பேரும் குழாய் பக்கத்தில் நின்று நனைவார்கள். மின்சாரம் போனால் ஸ்டெல்லா மொட்டைமாடியில் பாய் போட்டு இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சோறு உருட்டிக் கொடுப்பார். அவளுக்குப் படித்துக் காட்ட நான் கொண்டுபோயிருந்த கதைப் புத்தகங்கள் பெட்டியிலேயே இருந்தன. ராத்திரி எடுத்துவைத்துக்கொண்டு, "ஒரு ஊர்ல..." என்று ஆரம்பிப்பேன். அவள் தூங்கியிருப்பாள், உள்ளங்கையில் மாங்காய் வாசனையோடு.

இது சரிவராது என்று ஒரு திட்டம் போட்டேன். மாங்காடு அம்மன் கோயிலுக்கு ஒரு நாள். அண்ணன் காரில் அண்ணன், அண்ணி, நான், யாழினி. அரைநாளாவது என் மகள் என்னோடு இருப்பாள்.

கிளம்பும்போது யாழினி படிக்கட்டில் படுத்துக்கொண்டாள். முதல் படியில் தலை, நாலாவது படியில் கால். தூக்கினால் உடம்பைக் கட்டைபோல் ஆக்கிக்கொண்டாள். அண்ணன்தான், "அந்தப் பொண்ணையும் கூப்புடுடா, வெயில் ஏறுது" என்றார்.

ஸ்டெல்லா வாசலுக்கு வந்தார். "கோயிலுக்கா? இட்டுனு போங்கண்ணா, சாமி எல்லாம் ஒண்ணுதான். ஆனா வழில பசிக்குதும்பா, பிஸ்கட்டு ஒண்டி வாங்கிக் குடுத்துருங்க." ஜெனி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் கவுனைப் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் காரில் ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளிவட்டச் சாலையில் பாரிவாக்கம் தாண்டும்போது யாழினி என் சட்டையை இழுத்தாள். தனக்கு ஜன்னல் ஓரம் வேண்டும் என்று நார்வேஜிய மொழியில் சொன்னாள். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. ஆனால் இந்தப் பயணத்துக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன். தமிழில் கேட்டால்தான் பதில்.

"எனக்குப் புரியலையே. தமிழ்ல சொல்லும்மா."

மறுபடி சொன்னாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். மூன்றாம் முறை அவள் குரல் உடைந்தது. அப்போது ஜெனி என் தொடையைத் தட்டினாள்.

"அங்கிள், விண்டுன்னா ஜன்னலு. யாயினி ஜன்னலாண்ட குந்தணுமாம்."

என் மகளுக்கும் எனக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர். அதுவும் சம்பளம் இல்லாமல். முன் இருக்கையில் அண்ணியின் தோள்கள் குலுங்கின.

ஜெனி எழுந்து யாழினிக்கு இடம் கொடுத்தாள். பிறகு அவள் காதருகே குனிந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "உங்க டாடிக்கு ஒண்ணுமே பிரியலமே. வுடு."

யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

கோயிலில் கூட்டம். வரிசை நகர்வதாக இல்லை. இரண்டு பேரும் கம்பித் தடுப்பில் தொங்கிக்கொண்டு, யார் வியர்வை அதிகம் என்று ஒருவர் நெற்றியை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் யாழினியிடம் அம்மன் ஒற்றைக் காலில் தவம் இருந்த கதையைச் சொன்னேன். நிதானமாக, திருத்தமாகச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. ஜெனி கேட்டாள். கேட்டுவிட்டு அதையே திருப்பி அவளிடம் சொன்னாள்: "அந்த அம்மா ஒத்தக் கால்ல நின்னுகினே கீதாம். எம்மா நேரம்? ரொம்ப நேரம். கால் வலிக்காது?" உடனே யாழினி ஒற்றைக் காலில் நின்றாள். ஜெனியும் நின்றாள். வரிசையில் இருந்த ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ரெட்டப் புள்ளைங்களா? பக்தி பாருங்க" என்றார்.

திரும்பும்போது இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். யாழினி ஜெனி மீது சாய்ந்திருந்தாள். ஜெனி என் தோளில் சாய்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது, பல் விழுந்த இடைவெளி வழியாக எச்சில் என் சட்டையில் இறங்கியது. என் மகளைச் சாய்த்துக்கொள்ள வேண்டும் என்றால் நடுவில் இருக்கும் இவளை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் இருவரும் விழித்துக்கொள்வார்கள். வீடு வரும்வரை எதிரியின் தலையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

5

கவிதா கடைசியில் வந்து சேர்ந்தாள். படி ஏறும்போதே மேலேயிருந்து யாழினியின் குரல் வந்தது. "எம்மா, ஜல்தி வாமே! நாயி குட்டி காட்றேன்!"

கவிதா சேலத்துக்காரி. பெட்டியைப் போட்டுவிட்டு நடுப்படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். பிறகு உண்மையாகவே அழுதாள். அவளை ஓடி வந்து கட்டிக்கொண்ட யாழினி, தமிழில்தான் ஏதேதோ சொன்னாள். கவிதாவிடம் தமிழ், அண்ணியிடம் தமிழ், தண்ணீர் கேன் போடுகிறவரிடம் தமிழ். நான் பக்கத்தில் போனால் மட்டும் நார்வேஜியம்.

"என்கிட்ட மட்டும் ஏன்?" என்று கவிதாவிடம் கேட்டேன்.

"நீங்க அவ வாயத் தொறந்தாலே பரீட்சை வைக்கிற மாதிரி பாக்குறீங்க. அந்தப் பொண்ணு வெளையாடுது."

"அந்தப் பொண்ணு யாயினிங்குது."

"அஞ்சு வயசுப் பொண்ணு மேல பொறாமப்படுறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

நன்றாக இல்லைதான். ஆனால் பொறாமை அதையெல்லாம் கேட்டுக்கொண்டா வருகிறது?

கிளம்பும் நாள் காலையில் டாக்ஸி வந்து நின்றது. ஜெனி வெளிக் கதவை இழுத்து மூடிவிட்டு, அதன் முன்னால் கையை விரித்து நின்றாள். ஸ்டெல்லா கூப்பிட்டும் நகரவில்லை. நான் போய்க் குனிந்தேன்.

"ஜெனிம்மா, நேரமாகுது. வழி விடு."

"நீங்க வோணா போங்க அங்கிள். யாயினி இங்க இருக்கட்டும். எங்க ஊட்ல எடம் கீது."

"அவ என் பொண்ணும்மா."

"தெரியும். அதுக்கின்னா?"

நான் நிமிர்ந்து டாக்ஸியைப் பார்த்தேன். ஸ்டெல்லா வந்து, "ஏய், பெரியவங்ககிட்ட மரியாதையாப் பேசு" என்று அவளைத் தூக்கிக்கொண்டார். தூக்கிய பிறகுதான் அழுதாள். தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, என் பக்கம் மட்டும் ஒரு கையை நீட்டி, போ போ என்று துரத்துவதுபோல் ஆட்டினாள். ஸ்டெல்லாதான் அந்த ஏற்பாட்டைச் செய்தார். "ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு சாப்ட்டு ஃப்ரீயாதான் இருப்போம்ணா. வீடியோ கால் போட்டு வுடுங்க. ரெண்டும் பேசிக்கட்டும்."

விமான நிலையத்தில் குடியேற்றப் பிரிவு அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, யாழினியை எட்டிப் பார்த்து, "பேர் என்னம்மா?" என்றார்.

"யாயினி. உன் பேரு இன்னா?"

அவர் முத்திரை குத்தும் கையை நிறுத்தினார். கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு என்னை. "சார், நார்வேல எந்த ஏரியா சார்?" என்றார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மகளின் தமிழைக் கேட்டு ஒரு கூட்டமே சந்தோஷப்பட்டது. அதில் எனக்குப் பங்கில்லை.

6

ஆகஸ்டில் இங்கே பள்ளிக்கூடம் தொடங்கியது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும்தான். முதல் வாரமே அங்கிருந்து ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பிள்ளை இப்ப மேசைக்குக் கீழ இருக்கிறேல்ல. நல்லாக் கதைக்கிறா. நிப்பாட்டாமக் கதைக்கிறா."

"ரொம்ப சந்தோஷம் டீச்சர்."

"என்ன கதைக்கிறா எண்டுதான் எங்களுக்கு விளங்கேல்ல. நேற்று வந்த பெடியன் ஒருத்தனைக் கய்தே எண்டு சொல்லியிருக்கிறா. அவன் வீட்டை போய் அதென்ன எண்டு கேட்டிருக்கிறான்."

மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியை சிரித்தார். "விடுங்கோ. மேசைக்குக் கீழ இருக்கிறதை விட இது எவ்வளவோ நல்லம்."

வாரத்தில் மற்ற நாள்களில் எங்கள் வீடு பழையபடிதான். காலையில் மழைக்கோட்டு, மதியச் சாப்பாட்டுப் பெட்டி, டிராம். நான் தமிழில் கேட்பேன். அவள் என்னிடம் நார்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். என்னிடம் மட்டும். அதுவும் ரொம்ப நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. முன்பெல்லாம் அப்படிப் பேச மாட்டாள். அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மணி அடித்துக்கொண்டே இருந்தது, நெமிலிச்சேரியில் யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. "பூந்தமல்லில ஒரு கல்யாணம்ணா. மண்டபத்துல கீறோம். அடுத்த வாரம் பேசிக்கட்டும்." பின்னணியில் மேளச் சத்தம், அதற்கும் மேல் ஜெனியின் சிரிப்பு. வேறு ஏதோ பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

யாழினி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அந்தச் சிரிப்பு வரும் இடத்தில் அவள் முகம் சுருங்கியது. எனக்கு அந்த முகத்தைத் தெரியும். காலுறையை மடித்துக்கொண்டு நிற்கும் என் முகம்தான் அது.

கவிதா கடைக்குப் போயிருந்தாள். யாழினி பொம்மை டாக்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கம்பளத்தைக் காட்டி, நார்வேஜிய மொழியில், "இங்கே உட்கார். நான் டாக்டர். நீ ஜெனி" என்றாள்.

"நானா?"

"நீதான் ஜெனி. உனக்கு உடம்பு சரியில்லை."

உட்கார்ந்தேன். ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"டாக்டர், எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது" என்றேன்.

உதட்டைச் சுழித்தாள். "ஜெனி அப்படிப் பேச மாட்டாள்."

"டாக்டர், எனக்கு ஜுரம்."

"இல்லை!"

கருவியைக் கழற்றப் போனாள். அந்த நொடியில் என் வாயிலிருந்து அது வந்தது. எந்த வயதில் விழுங்கியதோ தெரியவில்லை. "இன்னா டாக்டரு, ஒடம்பெல்லாம் ஜொரமா கீதுமே. நேத்துலேந்து ஒண்ணும் துன்னல."

அவள் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. "அய்ய! ஏன் துன்னல? காட்டு, காட்டு. எங்க நோவுது?"

"தோ, வயித்தாண்ட."

"மாங்கா துன்னியா?"

"துன்னேன்."

"சொன்னா கேக்குறியா நீ? ஊசி போட்டாதான் அடங்குவ."

அப்படியே போனது பேச்சு. வயிறு, காது, முட்டி. அவள் திட்டினாள், மிரட்டினாள், சமாதானம் சொன்னாள். எல்லாம் தமிழில், என் முகத்துக்கு நேராக. இத்தனை வருடம் நான் ஏங்கிய பேச்சு. ஆனால் அவள் பேசிக்கொண்டிருந்தது ஜெனியோடு. என் எதிரியின் இடத்தில் உட்கார்ந்துதான் அதைக் கேட்க முடிந்தது. எழுந்துவிட்டால் அது போய்விடும். கால் மரத்துப்போயும் நான் அசையவில்லை.

ஊசியை நிரப்பிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். ஜெனியாகவே கேட்டேன்.

"ஏன்மே, உங்க டாடியாண்ட ஒண்டி நீ தமிழ் பேச மாட்டேன்றியே, இன்னாத்துக்கு?"

அவள் ஊசியை இறக்கினாள். பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்கு வராதுமே. ஒரு மாரி பேசுவாரு, பாத்துக்கீறல்ல? நாம பேசுனா அவருக்குப் பிரியாது. பாவம். அதான் அவருக்குத் தெரிஞ்ச பாஷைல பேசிகினு கீறேன்."

நானும் அவள் பக்கம் குனிந்தேன். பிறகு மெல்லக் கேட்டேன். "அப்ப, நீ சொல்லிக் குடேன்."

யாழினி யோசித்தாள். பெரியவர்கள் யோசிப்பதுபோல் கன்னத்தில் கைவைத்து யோசித்தாள்.

"பாக்கலாம்" என்றாள். "நீ மொதல்ல நாக்க நீட்டு."

நாக்கை நீட்டினேன்.